கால் வீங்கி வருகிறவளிடம் வயிற்றையும் கேளுங்கள்: வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

வடசென்னையில் மருத்துவம் பார்க்கும் அரசு, தனியார் மருத்துவர்களுக்கும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவ அலுவலர்களுக்கும் செவிலியர்களுக்கும், தெருமுனையில் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும்

வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு என்று ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மனு என் கை வழியாகப் போகும். இந்த மடலை என் அக்காவுக்கு நடந்ததை வைத்து எழுதுகிறேன்.

அக்காவுக்கு 44 வயது. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை. விடியற்காலை அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தால் வெயில் ஏறும் வரை எழுந்திருக்க மாட்டாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் திரும்பக் கடலுக்குப் போன முதல் வாரம். நாலு காசு கண்ணில் படும் நேரம். அந்த வாரம்தான் இடது கால் வீங்கியது. கணுக்காலில் தொடங்கவில்லை, தொடை வரைக்கும் ஒரே நாளில் ஏறிவிட்டது. "காலு இன்னாடி உலக்கை மாதிரி கீது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. பக்கத்து வீட்டம்மா யானைக்கால் என்றார். தெருவிலிருந்த கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, காலை உயரமாக வைக்கச் சொன்னார்கள். மூன்று நாள் அப்படியே போனது. நான்காம் நாள் எங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் பாதி ஏறியவள் மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். குழாய்களில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொடையிலிருந்து இடுப்புக்குப் போகும் பெரிய சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் உறைந்திருக்கிறது, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். வயிற்றுத் தோலில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை எனாக்சபரின் ஊசி, கூடவே அசிட்ரோம் மாத்திரை. இரண்டும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. அவள் உயிர் பிழைத்தது அந்த வார்டின் டாக்டர்களாலும் நர்சுகளாலும்தான். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஆனால் அக்கா அங்கே இருந்த ஒன்பது நாளில் யாரும் அவளுடைய மாதவிடாயைப் பற்றிக் கேட்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஏன் உறைந்தது என்ற கேள்விக்கு, "உட்கார்ந்தே வேலை பார்க்கிறாங்க இல்ல" என்ற பதிலோடு கதை முடிந்தது.

எங்கள் வீட்டில் டிவிக்குக் கீழே ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதில் ஒரு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் கிடந்தது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு, கர்ப்பப்பை மொத்தம் 18 வாரக் கர்ப்பத்தின் அளவுக்குப் பெருத்திருக்கிறது என்று. அன்றைக்கு அதைப் பார்த்த டாக்டரம்மா, "சாதாரண கட்டிதாம்மா, கேன்சர் இல்ல, பயப்படாதீங்க, பீரியட்ஸ் நிக்கிற வயசுல தானா சுருங்கிடும்" என்றார். அதுவரை இரவெல்லாம் அழுதுகொண்டிருந்த அக்கா, வரும் வழியில் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள். நாங்களும் அதை மறந்தோம். கால் வீக்கத்துக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

சம்பந்தம் இருக்கிறது. ஒரு தேங்காய் அளவுக் கட்டி இடுப்புக்கூட்டுக்குள் உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் போகும் சிரைகளை அழுத்தும். காலிலிருந்து மேலே போக வேண்டிய ரத்தம் தேங்கும். அந்த இடத்தில் இடது காலின் சிரையை வலது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி குறுக்கே கடந்து போவதால் இடது பக்கம் ஏற்கெனவே கொஞ்சம் நெருக்கம். ரத்தம் உறைய மூன்று காரணம் சொல்வார்கள்: ஓட்டம் தேங்குவது, குழாய்ச் சுவர் கெடுவது, ரத்தமே உறையும் குணம் கூடுவது. ஜெர்மனியில் 1850களில் ருடால்ஃப் விர்ஷோ இதைப் பற்றி எழுதியதால் இன்றும் அவர் பெயரோடு படிக்கிறார்களாம். அக்காவுக்கு முதல் காரணம் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. மாதாமாதம் கொட்டிய ரத்தத்தால் வந்த ரத்தசோகையும் உறையும் ஆபத்தைக் கூட்டும் என்கிறார்கள். இதையெல்லாம் பிற்பாடு ஒரு மூத்த மருத்துவர் பேப்பரில் படம் போட்டு விளக்கினார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது மருத்துவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டிய இடம். நம் பேச்சில் 'கட்டி' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. கர்ப்பப்பையில் வளர்வதும் கட்டி. காலில் உறைந்ததும் ரத்தக்கட்டி. மாதவிடாயில் போவதையும் "கட்டி கட்டியா போகுது" என்றுதான் சொல்கிறோம். அசிட்ரோம் கொடுத்தபோது, "கட்டியைக் கரைக்கிற மாத்திரை, விடாம சாப்பிடுங்க" என்றார்கள். வயிற்றுக் கட்டியும் சேர்ந்து கரையும் என்று அக்கா நம்பிவிட்டாள். உண்மையில் அந்த மாத்திரை எந்தக் கட்டியையும் கரைப்பதில்லை. உறைவு மேலும் வளராமல் தடுக்கிறது. இருப்பதை உடம்பு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ள நேரம் வாங்கித் தருகிறது. ஃபைப்ராய்டை அது தொடுவதே இல்லை. ஆனால் ஃபைப்ராய்டால் வரும் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் பீரியட்ஸ் வந்தது. முன்பும் அவளுக்கு அதிகம்தான், ஆனால் இது வேறு. நாப்கின் போதாமல் பழைய புடவையைக் கிழித்து வைத்தாள். கீழே ரப்பர் ஷீட். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் போகும் வழியெல்லாம் தரையில் சொட்டு. பிள்ளைகள் எழுவதற்குள் நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பின்னால் போனேன். காலையில் முகம் மஞ்சளாக இருந்தது.

மகப்பேறு ஓபிக்குப் போனோம். அது வேறு மருத்துவமனை, வேறு சீட்டு. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "கட்டிக்குச் சாப்பிடுறேன் டாக்டரம்மா" என்றாள் அக்கா. அவர் வயிற்றுக் கட்டி என்று எடுத்துக்கொண்டார். வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவர்மேல் மட்டும் பழி போட எனக்கு மனசு வரவில்லை. ரத்தம் நிற்க டிரானெக்சாமிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார். உறைவு கரைவதைத் தடுக்கும் மருந்து அது. காலிலும் நுரையீரலிலும் புதிதாக உறைந்திருக்கும் ஒருத்திக்கு வழக்கமாகக் கொடுக்கக் கூடாதது. எங்களைக் காப்பாற்றியது மருந்துக்கடையில் நின்ற அண்ணன். நான் தவறுதலாக இரண்டு சீட்டையும் சேர்த்து நீட்டிவிட்டேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஆளுக்கா? இத குடுக்க மாட்டேன்மா, ரெண்டு சீட்டையும் எடுத்துக்கினு ஒரே டாக்டராண்ட போய்க் காட்டு" என்றார். அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அன்றிலிருந்து ஒரு நீள நோட்டு போட்டேன். தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, நாப்கின் எண்ணிக்கை என்று நான்கு கட்டம். ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்கும் அளவு. மாத்திரை சாப்பிடாதவருக்கு 1 அளவில் இருக்கும். அக்கா மாதிரி உறைவு வந்தவருக்கு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2க்குக் கீழே போனால் உறையும் பயம், 3ஐத் தாண்டினால் ரத்தம் போகும் பயம். அக்காவின் நோட்டில் 1.4, 1.9, 2.5, 2.7 என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. திங்கள், புதன், வெள்ளி 2 மி.கி., மற்ற நாள் 3 மி.கி. பிறகு மழைக்காலத்தில் தெருக் குழாயில் கழிவுநீர் கலந்து பாதி வீட்டுக்கு வயிற்றுப்போக்கு. கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டாள். ஆறாம் நாள் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். மீன் வெட்டும்போது கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல், முக்கால் மணி நேரம் துணி சுற்றி அழுத்தியும் நிற்கவில்லை. அன்றைய ஐ.என்.ஆர். 5.8. மெட்ரோனிடசோல் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டும் என்பது எந்த டாக்டருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்கு மட்டும் தெரியாது. அந்த மாதமே பீரியட்ஸும் சேர்ந்து வந்தது. ஹீமோகுளோபின் 6.1. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பயந்துபோய் அசிட்ரோமை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கச் சொல்ல யாரும் பொறுப்பெடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கால் திரும்ப வீங்கியது.

ரத்தப்போக்குக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் கால், காலுக்குப் பயந்து மாத்திரையைக் கொடுத்தால் வயிறு. ஒரு ஓபியில் காலை மட்டும் பார்த்தார்கள், இன்னொரு ஓபியில் வயிற்றை மட்டும். "ஆபரேஷன் பண்ணிக்கோங்க" என்று மகப்பேறு பக்கம் சொன்னார்கள். "ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறாங்க, இப்ப ஆபரேஷன் முடியாது" என்று மயக்க டாக்டர் சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் இரண்டு சரியான பேச்சுக்கு நடுவில் ஒருத்தி ஐந்து மாதம் கிடந்தாள்.

நடுவில் இன்னொன்று. எங்கள் பிளாக்கில் யாரோ யூடியூபில் பார்த்துவிட்டு, "அது எலி மருந்துடி, அதையா துன்ற?" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். நான்கு நாள் எனக்குத் தெரியாமல் மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் அதை மறுப்பது கஷ்டம். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழு பிரித்தெடுத்தது. அதே வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கு மருந்தானது. நம் ஊரில் அதிகம் கொடுக்கும் அசிட்ரோம் அதே குடும்பம். அளவுதான் விஷயம், அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். அதிகமானால் அதை முறிக்க வைட்டமின் கே இருக்கிறது. இதை நான் பொறுமையாகச் சொன்ன பிறகு அக்கா மாத்திரையை எடுத்துக்கொண்டாள். ஒரு நர்சம்மா முதல் நாளே இரண்டு நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த நான்கு நாள் போயிருக்காது. கீரையும் அப்படித்தான். "கீரையே கூடாது" என்று ஒருவர் சொன்னார். ரத்தசோகைக்கு முருங்கைக்கீரை தினம் சாப்பிடுங்கள் என்றார் இன்னொருவர். கீரையை அடியோடு விட வேண்டாம், ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் நிறுத்தாமல் ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும், அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் சரியென்று பிறகு தெரிந்தது.

ஐந்தாம் மாதம்தான் நான் சொன்ன அந்த மூத்த மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் மஞ்சப்பையில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார். ஸ்கேனையும் டாப்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். பிறகு போனை எடுத்து ரத்தக்குழாய் டாக்டரிடமும் மயக்க டாக்டரிடமும் எங்கள் முன்னாலேயே பேசினார். பீரியட்ஸ் வராமல் நிறுத்த மாதம் ஒரு லியூப்ரோலைடு ஊசி. முதல் முறை போக்கு கூடலாம், பயப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னார். இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டிய பிறகு ஆபரேஷன். அதற்குச் சில நாள் முன்னால் அசிட்ரோமை நிறுத்தி ஊசிக்கு மாற்றி, ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஊசியையும் நிறுத்தி, முடிந்தபின் ரத்தப்போக்கு இல்லை என்று பார்த்து மறுபடி தொடங்கினார்கள். எடுத்த கர்ப்பப்பை ஒன்றரைக் கிலோ இருந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. இன்னும் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, திரும்ப டாப்ளர் எடுத்துப் பார்த்து நிறுத்தினார்கள். இதில் எதுவும் அபூர்வமான வைத்தியம் இல்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன்.

ஒரு பெண் ஒரு கால் மட்டும் வீங்கி வந்தால், வலி ஊசி போடுவதற்கு முன்னால் டாப்ளருக்கு அனுப்புங்கள். உறைவு என்று தெரிந்தால் பீரியட்ஸ் எப்படி, எத்தனை நாப்கின், வயிறு பெருத்திருக்கிறதா, முன்பு ஸ்கேன் எடுத்தது உண்டா என்று கேட்டு, வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். பீரியட்ஸைத் தள்ளிப்போடவும் நிறுத்தவும் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். ஃபைப்ராய்டு இருக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் அவற்றில் சில உறைவைக் கூட்டும். நாங்களாகச் சொல்ல மாட்டோம். காலுக்கு வந்த இடத்தில், அதுவும் ஆண் டாக்டர் முன்னால், பீரியட்ஸைப் பற்றிப் பேச எங்கள் பெண்களுக்கு வாய் வராது.

"சாதாரண கட்டி" என்று சொல்லும்போது அதோடு இன்னொரு வரியும் சேர்த்துச் சொல்லுங்கள்: கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வா என்று. புற்றுநோய் இல்லாத கட்டி என்றால் தொல்லை இல்லாத கட்டி என்று அர்த்தமில்லையே. மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா அங்கே இருக்கும் பெரிய சிரையை அடைக்கும். இதயத்துக்குள் வளரும் மிக்சோமாவிலிருந்து துண்டு பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். அங்கே ரத்தம் உறையாத மாத்திரை மட்டும் போதாது, கட்டியையே எடுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை ரத்தக்குழாய்க் கட்டி ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை உறிஞ்சிக்கொண்டு ரத்தப்போக்கை உண்டாக்கும். அங்கே வைத்தியமே வேறு. இவையெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. எங்களுக்குத் தெரியாதது, "சாதாரண" என்ற சொல்லுக்கு நீங்கள் வைத்திருக்கும் அர்த்தம்தான்.

ஐ.என்.ஆர். பார்க்கப் போகும் நாள் அக்காவுக்குக் கூலி இல்லாத நாள். விடியற்காலை வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, மதியம் ரிசல்ட் வாங்கி, அதைக் காட்ட மறுபடி வரிசை. வெளியே லேபில் 350 ரூபாய் வாங்கினார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சில நிமிஷத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. சர்க்கரை பார்ப்பது மாதிரிதான். அதை வார்டு பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர்க்காரர்களின் அரை மாதக் கவலை தீரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறீர்கள். எங்கள் பிளாக்குக்கு வரும் தங்கச்சி தங்கமானவர். "ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறவங்க யாராவது இருக்கீங்களா, இந்த மாசம் போக்கு எப்படி?" என்று அவரே கேட்டுக் குறித்துக்கொண்டு போகலாம்.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எல்லாருக்கும் அவை பொருந்தாது என்று தெரியும். ஆனால் பீரியட்ஸ் வரும் பெண்ணுக்கு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ரிவராக்சபானில் மாதவிடாய்ப் போக்கு கூடுவது அதிகம், அபிக்சபானில் அந்த அளவுக்கு இல்லை என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. அந்த மாத்திரை இரண்டு மாதம் கிடைத்து மூன்றாம் மாதம் "ஸ்டாக் இல்ல" என்றால் அக்கா மாதிரி ஆளுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

மருந்துக்கடை அண்ணன்மார்களே, வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், அரிப்புக்கு ஃப்ளூகோனசோல் என்று கேட்டு வருகிறவரிடம், "ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிராக மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும், அதையும் டாக்டர்கள் நினைவில் வைக்க வேண்டும். 'கட்டி மாத்திரை' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

போன வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காப்பீட்டுக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்று இரண்டு கவர் கொடுத்தார். ஒன்றில் கால் டாப்ளர், இன்னொன்றில் கர்ப்பப்பை ஸ்கேன். இரண்டுக்கும் நடுவில் பதினேழு நாள்தான் வித்தியாசம். இரண்டு டாக்டரும் ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவர் பார்த்தார்களா என்று கேட்டேன். "அது வேற, இது வேற இல்லக்கா?" என்றார். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து அக்காவின் நோட்டைக் காட்டினேன். பிறகு இரண்டு ரிப்போர்ட்டையும் ஒன்றாக வைத்து ஸ்டேப்ளர் அடித்தேன். மேலே ஒரு வெள்ளைத்தாளில், "இவருக்குக் காலில் ரத்த உறைவும் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டும் சேர்ந்து இருக்கிறது. அசிட்ரோம் சாப்பிடுகிறார்" என்று பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். அவர் உங்களில் ஒருவரிடம்தான் வருவார்.

இப்படிக்கு,
அக்காவின் நோட்டை எழுதிய தங்கை,
பழைய வண்ணாரப்பேட்டை